பயப்படுவது பாவமா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி தவக்காலத்து வெள்ளிக்கிழமையாக இருந்தது. வேறு ஆண்டாக இருந்தால் அந்த மாலையில் நம் கோயில்களில் சிலுவைப்பாதைக்கு மணி அடித்திருக்கும். பிள்ளைகள் முன்வரிசையில் முழந்தாட்படியிட்டிருப்பர். ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீதிகள் வெறிச்சோடின. படலைகள் சாத்தப்பட்டன. கோயிற் கதவுகளும் பூட்டியே கிடந்தன.

அந்த நாட்களில் நம்மவர் வீடுகள் பலவற்றில் நடந்த ஒரு பேச்சு இன்னும் காதில் ஒலிக்கிறது.

"ஏன் பிள்ளை, சண்டைக் காலத்திலையும் பூட்டாத கோயிலை இப்ப ஏன் பூட்டுகினம்?" என்று வயதான தாய் கேட்கிறாள்.

"வருத்தம் பரவுமாம் அம்மா. சனம் கூடக்கூடாதாம்" என்கிறாள் மகள்.

"ஷெல் விழேக்கையும் பூசை கண்டனாங்கள். இப்ப ஒரு காய்ச்சலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளை இருக்கிறதோ? எங்களுக்குக் கடவுளிலை அவ்வளவுதான் விசுவாசமோ?"

மகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் உள்ளூர அதே கேள்விதான். பயப்படுவது விசுவாசக் குறைவா? பயம் பாவமா? அந்நாட்கள் கடந்துபோய்விட்டன. ஆயினும் கேள்வி கடந்துபோகவில்லை. இன்னொரு நோய் இன்னொரு நாளில் வரலாம். அப்போது மீண்டும் அதே மேசையைச் சுற்றி இருந்து அதே கேள்வியைக் கேட்போம். ஆகவே மனம் அமைதியாக இருக்கும் இவ்வேளையில் அதைச் சிந்தித்துப் பார்ப்பது நன்று.

அந்த முதல் நாட்கள்

முதலில் நிகழ்ந்தவற்றை நினைவுகூர்வோம். 2020 ஜனவரி 27ஆம் திகதி நம் நாட்டில் முதலாவது நோயாளி அடையாளங் காணப்பட்டார். அவர் சீன நாட்டிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்மணி. அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று நலமடைந்து அவர் நாடு திரும்பினார். பெப்ரவரி முற்பகுதியில் வூஹான் நகரிலிருந்து 33 மாணவர்கள் அழைத்துவரப்பட்டுத் தியத்தலாவையில் தனித்து வைக்கப்பட்டனர். அதுவரை அது எங்கோ தொலைவில் நடக்கும் கதையாகவே நமக்கு இருந்தது.

மார்ச் மாதத்தில் கதை மாறியது. 9ஆம் திகதி இத்தாலி நாடு முழுவதும் முடக்கப்பட்டது. 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இதனை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. அதே வாரத்தில் நம் நாட்டவர் ஒருவருக்கு, இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவருக்கு, நோய் உறுதியாயிற்று. பாடசாலைகள் மூடப்பட்டன. 22ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் முதல் நோயாளி அறியப்பட்டார். 28ஆம் திகதி நாட்டின் முதல் மரணம் நிகழ்ந்தது.

எண்களும் திகதிகளும் செய்தித்தாளுக்கு உரியவை. வீட்டுக்குள் அவை வேறு உருவம் எடுத்தன. பெர்காமோ நகரிலிருந்து இராணுவ வாகனங்கள் சவப்பெட்டிகளை வரிசையாக ஏற்றிச்சென்ற காட்சியைத் தொலைக்காட்சியிற் கண்டவுடன், இத்தாலியில் பிள்ளையை வைத்திருந்த நீர்கொழும்புத் தாய் அன்றிரவு உறங்கவில்லை. இலண்டனிலும் பாரிசிலும் உறவுகளை வைத்திருந்த வீடுகளில் தொலைபேசி ஒலித்தாலும் நெஞ்சு திடுக்கிட்டது, ஒலிக்காவிட்டாலும் திடுக்கிட்டது. வைத்தியசாலையில் தாதியாக இருந்த மகள் வேலை முடிந்து வந்து கிணற்றடியில் குளித்து உடுப்பைத் தோய்த்துவிட்டே வீட்டுக்குள் கால் வைத்தாள். தன் குழந்தையைத் தூக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அன்றாடம் கூலிக்குப் போனவனுக்கும் கடலுக்குப் போனவனுக்கும் நோயைவிட அடுப்பே பெரிய பயமாக இருந்தது.

ஓராண்டுக்கு முன், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்கள் மீது குண்டுகள் வெடித்தன. அந்தக் காயம் ஆறும் முன்னரே மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறும் மக்களில்லாத கோயில்களில் கொண்டாடப்பட்டது. எனவே நம் மக்கள் பயந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

பூங்காவனத்தில் ஆண்டவர்

பயம் பாவமா என்ற கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தவக்காலத்தில் நாம் சொல்லும் செபமாலையின் துக்க தேவ இரகசியங்களில் முதலாவது எது? இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்தது. அதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்! ஆனால் அதன் பொருளை எண்ணிப் பார்த்தோமா? வரப்போகும் பாடுகளை நினைத்து ஆண்டவர் திகிலடைந்தார், மனம் கலங்கினார் என்று மாற்கு நற்செய்தியாளர் மறைக்காமல் எழுதுகிறார். தம்மோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார் என்றும் எழுதுகிறார். பாவமறியாத ஆண்டவருக்கே பயம் வந்ததென்றால், பயம் வருவது பாவமாக இருக்க முடியாது.

புனித தோமஸ் அக்குவினாஸ் தம் பெருநூலில் பயத்தைப்பற்றி நுணுக்கமாக ஆராய்கிறார். பயத்துக்குக் காரணம் அன்பே என்பது அவர் முடிவு. நாம் எதை நேசிக்கிறோமோ அதை இழந்துவிடுவோமோ என்றே பயப்படுகிறோம். நேசிக்காத ஒன்றைக் குறித்து எவரும் பயப்படுவதில்லை. பிள்ளைக்காகத் தாய் பயப்படுகிறாள் என்றால் அவள் பிள்ளையை நேசிக்கிறாள் என்பதே அதன் பொருள். அந்தப் பயத்தைக் கண்டு அவள் வெட்கப்படத் தேவையில்லை.

அதே அறிஞர் இன்னொன்றையும் சொல்கிறார். அளவுக்கு மிஞ்சிப் பயப்படுவது மனத்திடத்துக்கு மாறான குறை என்றால், பயப்படவேண்டியவற்றுக்குப் பயப்படாதிருப்பதும் ஒரு குறையே. நம் வள்ளுவரும் இதையே அறிவீனம் எனக் கருதினார். கிறிஸ்தவ மறை வேறு, தமிழ் மறை வேறு என்றாலும் இவ்விடத்தில் இரண்டும் ஒரே குரலிற் பேசுகின்றன.

அந்நாட்களில் சிலர், "கோயிலுக்குப் போனால் நோய் வராது, நற்கருணை வாங்கினால் கிருமி அண்டாது" என்று உறுதியாகச் சொன்னார்கள். பக்தியினாலேயே சொன்னார்கள், சந்தேகமில்லை. ஆயினும் பாலைவனத்தில் ஆண்டவர் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சியை அவர்கள் மறந்துவிட்டார்கள். தேவாலய முகட்டிலிருந்து கீழே குதிக்கும்படியும், சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்றும் சொன்னவன் பசாசு. வேத வாக்கியத்தை எடுத்துக்காட்டியே அப்படிச் சொன்னான். ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிப்பது விசுவாசமாகாது என்று மறுத்துவிட்டார். பக்தியின் உடையில் வரும் துணிச்சலை இனங் காண்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

தனித்திருத்தலும் ஒரு தவம்

நோய்க்காலத்தில் தனித்திருப்பது திருச்சபைக்குப் புதிதன்று. கப்பலில் வருவோரைக் குறித்த நாட்களுக்குத் தனித்து நிறுத்திவைக்கும் வழக்கம் 1377ஆம் ஆண்டில் அதிரியாத்திக் கடலோரத்து இரகூசா நகரில் முப்பது நாட்களாகத் தொடங்கியது. பின்னர் வெனிசு நகரத்தார் அதை நாற்பது நாட்களாக்கினர். தனிமைப்படுத்தலுக்கு இன்று மேல்நாட்டு மொழிகளில் வழங்கும் சொல்லே அந்த நாற்பது என்ற எண்ணிலிருந்து பிறந்ததுதான். நாற்பது என்றவுடன் நமக்குத் தவக்காலம் நினைவுக்கு வரவில்லையா? ஆண்டவர் பாலைவனத்தில் தனித்திருந்த நாட்களும் நாற்பதே.

1576ஆம் ஆண்டில் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது ஆளுநரும் பிரபுக்கள் பலரும் நகரைவிட்டு அகன்றனர். பேராயரான புனித கார்லோ பொரோமேயு அகலவில்லை. நோயாளரைச் சந்தித்தார். தம் உடைமைகளை விற்று ஏழைகளுக்குச் சோறிட்டார். அதேவேளை மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்ன ஒழுங்கை அவர் எதிர்க்கவில்லை. வீதிச் சந்திகளில் பீடங்களை அமைத்துத் திருப்பலி நிறைவேற்றச் செய்தார். மக்கள் தத்தம் சாளரங்களில் நின்று பூசை கண்டார்கள். 2020இல் நாம் தொலைக்காட்சியின் முன் முழந்தாட்படியிட்டுப் பூசை கண்டபோது பலர் அதைப் புதுமை என்று எண்ணினர். ஆனால் மிலான் மக்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்த வழியில் நடந்திருந்தனர்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். சண்டைக் காலத்தில் கோயிலுக்குப் போனவர்கள் இப்போது ஏன் போகக்கூடாது? அவளுடைய நினைவு பொய்யன்று. ஆபத்து வந்தபோதெல்லாம் நம் மக்கள் கோயிலுக்கே ஓடினார்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித இராயப்பர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் குண்டுவீச்சில் மாண்டதை நாம் மறக்கமாட்டோம். அப்படிப்பட்ட மக்களைக் கோழைகள் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் இரண்டு ஆபத்துகளுக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு. ஷெல் விழும்போது பூசைக்குப் போனவர் தம் உயிரைப் பணயம் வைத்தார். தொற்றுநோய்க் காலத்தில் போனவர் தம் உயிரோடு பக்கத்தில் இருந்தவருடைய உயிரையும் பணயம் வைத்தார். நோயின் அறிகுறி தோன்ற இரண்டு முதல் பதினான்கு நாட்கள்வரை ஆகலாம். அறிகுறி தோன்றுமுன்னரே அது மற்றவருக்குப் பரவக்கூடும். ஆகவே நல்ல சுகத்தோடு இருப்பதாக எண்ணும் ஒருவரே தம்மையறியாமல் ஷெல்லைச் சுமந்து போகலாம். தன் உயிரைத் தியாகம் செய்ய எவருக்கும் உரிமை உண்டு. அடுத்தவருடைய உயிரைத் தியாகம் செய்ய எவருக்கு உரிமை உண்டு? அந்த மார்ச் மாதத்தில் வீட்டில் இருந்த நம் முதியோர் விசுவாசத்தில் குறைந்துபோகவில்லை. தாம் மிகவும் விரும்பிய ஒன்றைப் பிறருக்காக விட்டுக்கொடுத்தார்கள். அதற்குத் திருச்சபை வழங்கும் பெயர் ஒறுத்தல்.

பாவம் நுழையும் வாசல்கள்

அப்படியானால் பயத்தில் பாவமே இல்லையா? உண்டு. பயம் அன்பிலிருந்து பிறக்கிறது என்று கண்டோம். பிறந்த இடத்தை அது மறந்துவிடும்போது பாவம் நுழைகிறது. அன்று அது நம் வீடுகளுக்குள் நுழைந்த வாசல்களை நினைத்துப் பார்ப்போம்.

முதலாவது, களஞ்சியம். ஊரடங்கு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் கடைகளில் முண்டியடித்தோம். ஒரு மாதத்துக்குத் தேவையான அரிசியும் மாவும் பருப்பும் வாங்கக் கையிற் பணம் இருந்தவர் வாங்கிக் குவித்தார். நாட்கூலி வாங்கிக்கொண்டு மாலையில் கடைக்கு வந்தவருக்கு வெறுந்தட்டே காத்திருந்தது. வீட்டுக்குத் தேவையானதை வாங்கிவைப்பது தவறா? தவறில்லை, அது விவேகம். ஆனால் பாலைவனத்தில் மன்னாவை மறுநாளைக்கென்று பதுக்கி வைத்தவர்களுக்கு நடந்தது என்ன? அது புழுத்துப்போயிற்று. அன்றாட அப்பத்தைக் கேட்கும்படி ஆண்டவர் கற்பித்த செபத்தில் 'எனக்கு' என்ற சொல்லே கிடையாது, 'எங்களுக்கு' என்றுதான் இருக்கிறது. அந்த 'எங்கள்' என்பதற்குள் பக்கத்து வளவுக் குடும்பமும் அடங்கும்.

இரண்டாவது, நாக்கு. நோய் வந்தது என்று கேட்டவுடன் "யாராலே வந்தது?" என்பதே நம் முதற் கேள்வியாக இருந்தது. முதலில் சீனர்மேல் பழி போட்டோம். பின்னர் இத்தாலியிலிருந்து வந்தவர்மேல் போட்டோம். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆராதனையிற் கலந்துகொண்டவர்கள் தனிமைப்படுத்தப்பட்டபோது, செபிக்கப் போனதே குற்றம் என்பதுபோலச் சிலர் பேசினர். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் முன்னால் அறிவித்தல் ஒட்டப்பட்டது. சுகாதாரப் பரிசோதகர் அதை ஒட்டியது மற்றவர்களைக் காப்பதற்காக. நாமோ அதைக் கைப்பேசியிற் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினோம். பழைய ஏற்பாட்டுக் காலத்துத் தொழுநோயாளி, தான் தீட்டுள்ளவன் என்று தானே கூவிக்கொண்டு போகவேண்டும். நாம் அந்தச் சிரமத்தையும் அவர்களுக்கு வைக்கவில்லை. அவர்களுக்காக நாமே கூவினோம்.

மூன்றாவது, பொய். நோயாளரோடு பழகியதை மறைத்தவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்ததைச் சொல்லாமல் விட்டவர்களும் காய்ச்சலை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு வெளியே போனவர்களும் இருந்தார்கள். இது பாரதூரமான தவறு. இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் ஏன் மறைத்தார்கள் என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்போம். நோய்க்குப் பயந்து மறைத்தவர்கள் சிலரே. ஊர் வாய்க்குப் பயந்து மறைத்தவர்கள் பலர். "பிள்ளைக்குக் கலியாணம் பேச வேணும், பேர் கெட்டுப்போகும்" என்று பயந்தவர்கள் உண்டு. "கடைக்கு ஒருத்தரும் வரமாட்டினம்" என்று பயந்தவர்கள் உண்டு. ஆக இரண்டாவது வாசலால் நுழைந்த பாவமே மூன்றாவது வாசலையும் திறந்துவிட்டது. நம் நாக்கு கூர்மையாக இருந்தபடியால் அயலவர் உண்மையை மறைத்தார். அவர் உண்மையை மறைத்தபடியால் நோய் பரவியது. நோய் பரவியபோது நாம் அவரைக் குற்றஞ் சாட்டினோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாட்படியிடவேண்டியவர் அவர் ஒருவர்தானா?

பயம் சட்டமாகும்போது

தனி மனிதர் பயம் ஒரு வீட்டைக் கெடுக்கும். நாட்டின் பயம் சட்டமாகிவிட்டால் ஒரு சமூகத்தையே புண்படுத்தும். கொவிட் நோயால் மரித்த எல்லாருடைய உடல்களும் தகனம் செய்யப்படவேண்டும் என 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியில் விதிக்கப்பட்டது. நல்லடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் இவ்விதி நீடித்தது. தம் இறந்தோரை மண்ணில் அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் சகோதரர்களுக்கு இது எத்தகைய வேதனை! 2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு பாலகனின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியிலேயே நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அரசாங்கம் இதற்காக மன்னிப்புக் கேட்டது.

நாம் என்ன செய்தோம்? திருச்சபை 1963ஆம் ஆண்டிலிருந்து தகனத்தை அனுமதித்துள்ளது. நல்லடக்கத்தையே அது விரும்பினாலும் தகனம் நமக்கு விலக்கப்பட்டதன்று. ஆகவே இந்த விதி நம்மிற் பலருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. வலிக்காத இடத்தில் வாய் திறப்பது அரிது. அதுமட்டுமன்று, உயிர்த்த ஞாயிற்றுக் காயமும் சிலர் மனத்தில் கசப்பாகப் படிந்திருந்தது. குண்டு வைத்தவர் சிலர். ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த அந்தத் தாய் தந்தையருக்கும் அக்குற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் மனனஞ் செய்தோம். அரச தண்டனைக்கும் அஞ்சாமல் தன் இனத்தாரின் சடலங்களை இரவில் அடக்கம் செய்த தோபித்தின் கதையை வேதாகமத்தில் வாசித்தோம். வாசித்தது போதுமா?

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரில் கொள்ளைநோய் பரவியபோது ஆயர் புனித சிப்பிரியான் தம் மக்களைக் கூட்டிப் பேசினார். நம்மவருக்கு மட்டும் உதவி செய்தால் அதில் பெருமை என்ன என்று கேட்டு, தங்களைத் துன்புறுத்தியவர்களுக்கும் பணிசெய்யும்படி தூண்டினார். அவரையே பின்னர் அந்த அரசு 258ஆம் ஆண்டில் கொன்றது. நமக்கு அவ்வளவு பெரிய சோதனை வரவில்லை. ஒரு வார்த்தை பேசும் சோதனைதான் வந்தது.

கண்டியில் ஒரு குருவானவர்

நம் நாட்டுக்கே ஒரு முன்மாதிரி உண்டு. 1697ஆம் ஆண்டில் கண்டியில் வைசூரி நோய் பரவியது. மக்கள் தம் சொந்த நோயாளரையே கைவிட்டு ஓடினர். மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து ஒல்லாந்தரின் கெடுபிடிக்குள் மறைப்பணி செய்த புனித யோசப் வாஸ் அடிகளாரும், அவர்தம் மருமகன் முறையான யோசப் கர்வாலோ அடிகளாரும் அங்கே தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் பராமரித்தார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். நோயாளியின் சமயம் எது என்று அவர்கள் கேட்கவில்லை. இதைக் கண்ட கண்டி மன்னர் அடிகளார் தடையின்றிப் பணிசெய்ய இடமளித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது நாம் அந்தப் புனிதரையே கொண்டாடினோம்.

"மேலே வீட்டுக்குள் இருப்பதே அன்பு என்றீர்கள். இப்போது நோயாளியைத் தேடிப்போவதே அன்பு என்கிறீர்கள். எது சரி?" என்று வாசகர் கேட்கலாம். இரண்டும் சரி. நோயாளியிடம் போகவேண்டிய கடமை உள்ளவர் போவதும், போகத் தேவையில்லாதவர் விலகியிருப்பதும் ஒரே அன்பின் இரண்டு கைகள். வாஸ் அடிகளார் வீரத்தைக் காட்டுவதற்காக நோயாளியிடம் போகவில்லை. போக வேறொருவரும் இல்லாதபடியாற் போனார்.

தாதியான மகளைப் பார்த்து ஒரு தாய், "வேலையை விட்டுட்டு வா பிள்ளை, எங்களுக்குக் கஞ்சி குடிச்சாலும் போதும்" என்று அழுதாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுகையிற் பாவமில்லை. மகள், "அங்கை படுத்திருக்கிறதும் ஆரோ ஒரு தாயின்ரை பிள்ளை தானே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள் என்றும் வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பயம் இல்லையா? தாயைவிட அவளுக்கே கூடுதலாக இருந்திருக்கும். ஆனால் தாயின் பயம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. மகளின் பயம் வாசலைக் கடந்து, முன்பின் தெரியாத ஒருவரையும் தன் வீட்டாராகச் சேர்த்துக்கொண்டது.

பயம் நல்லதா கெட்டதா என்பதை அறிய உரைகல் இதுதான். "யாருக்காகப் பயப்படுகிறேன்?" என்று நம்மை நாமே கேட்கவேண்டும். எனக்காக மட்டும் என்றால் அந்தப் பயம் களஞ்சியத்தை நிரப்பும், நாக்கைத் தீட்டும், உண்மையை மறைக்கும். எனக்காகவும் என் அயலவருக்காகவும் என்றால் அதே பயம் முகக்கவசத்தை அணியச் சொல்லும், உண்மையைச் சொல்லச் சொல்லும், வேலிக்கு மேலால் ஒரு கொத்து அரிசியை நீட்டச் சொல்லும். அப்படி நீட்டிய கைகளும் அந்நாட்களில் இருந்தன என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். தோட்டத்து மரக்கறியை அயலுக்குப் பகிர்ந்தவர்களும், சமைத்த உணவைத் தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் படலையில் வைத்துவிட்டு விலகிநின்று குரல் கொடுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள்.

படகில் இருந்தவர்கள்

2020 மார்ச் 27ஆம் திகதி மாலை, மழையில் நனைந்த புனித இராயப்பர் சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் தனியே நடந்து வந்ததை நம்மிற் பலர் வீட்டிலிருந்தே கண்டோம். இலட்சக்கணக்கானோர் கூடும் அந்த இடத்தில் அன்று ஒருவரும் இல்லை. 1522ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது உரோமை வீதிகளிற் பவனியாகக் கொண்டுசெல்லப்பட்ட பழைய பாடுபட்ட சுரூபம் அவர் அருகில் நின்றது. அவர் தெரிந்தெடுத்த நற்செய்தி, கடலில் புயல் எழும்பிய பகுதி. 2025 ஏப்ரலில் அவர் மறைந்துவிட்டார். அந்த மாலை மறையாது.

அந்த நற்செய்தியில் சீடர்கள் பயந்தார்கள். மீன்பிடித் தொழில் செய்தவர்களுக்கே பயம் வந்ததென்றால் புயல் எவ்வளவு கொடியதாக இருந்திருக்கவேண்டும்! அவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரையொருவர் கடலில் தள்ளவில்லை. படகின் பாரத்தைக் குறைக்க யாரை வெளியேற்றலாம் என்று ஆலோசிக்கவில்லை. உறங்கிக்கொண்டிருந்த ஆண்டவரை எழுப்பினார்கள். அவர்கள் எழுப்பிய விதம் குறை கூறுவதுபோல இருந்தது. விசுவாசக் குறைவுக்காக ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டார். ஆயினும் அதற்கு முன்னரே காற்றை அடக்கிவிட்டார். அரைகுறை விசுவாசத்தோடு வந்த பயமும் செபமாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அன்பான பெற்றோரே, இன்னொரு நாளில் இப்படியான காலம் வந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் பயமே இல்லாதவர்போல நடிக்கத் தேவையில்லை. "அப்பாவுக்கும் பயமாகத்தான் இருக்கு மோனை. வா, செபமாலை சொல்லுவம்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு, பக்கத்து வீட்டு ஆச்சி தனியே என்ன செய்கிறாள் என்று பிள்ளையைக் கொண்டே தொலைபேசியிற் கேட்கச் சொல்லுங்கள். கேள்விப்பட்ட வதந்தியை மற்றவருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். பயத்தோடு எப்படி வாழ்வது என்பதைப் பிள்ளை ஞானோபதேச வகுப்பிற் கற்பதைவிட அந்த ஒரு மாலையில் அதிகமாகக் கற்றுக்கொள்ளும்.

கோயில் பூட்டியிருக்கிறதே என்று கேட்ட அந்தத் தாய்க்கும் இப்போது ஒரு பதில் உண்டு. "அம்மா, அண்டைக்கு ஷெல்லுக்குள்ளை பூசைக்குப் போனது உங்கடை விசுவாசம். இண்டைக்குப் போகாமல் இருக்கிறதும் அதே விசுவாசந்தான். அண்டைக்கு உங்கடை உயிரைக் கடவுளிட்டைக் குடுத்தனீங்கள். இண்டைக்குப் பக்கத்து வாங்கிலை இருக்கிற மனுசியின்ரை உயிரைக் காப்பாத்திறியள்."

பயம் இருந்தது. இனியும் வரும். அது வரும்போது நம் படலை யாருக்குச் சாத்தப்படுகிறது, யாருக்காகத் திறக்கப்படுகிறது என்பதையே ஆண்டவர் பார்ப்பார்.